படிக்கிறவர் குரலில்



சென்ற இதழ் கடைகளுக்குப் போன கையோடு கல்லிடைக்குறிச்சி வாசகர் ஒருவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி வந்தது: ‘கட்டுரை நல்லாத்தான் இருக்கு.’ அலுவலகத்தில் இதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடந்துவிட்டது. பாராட்டுகிறார் என்றார் உதவி ஆசிரியர். ‘தான்’ போட்டிருக்கிறாரே, எங்கேயோ இடிக்கிறது என்றார் பக்கம் வடிவமைக்கும் தம்பி. மெய்ப்புப் பார்க்கும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “ஒரு போனைப் போட்டுக் கேளுங்களேன்வே, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றார். போட்டோம். கட்டுரை அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. பேசும்போதும் அவர் அதே ‘நல்லாத்தான் இருக்கு’ என்றுதான் சொன்னார். அந்த ‘லா’வை அவர் இழுத்த இழுப்பில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன். எழுதியவர் ஒரு குரலில் எழுதுகிறார். படிக்கிறவர் வேறொரு குரலில் வாசிக்கிறார். நடுவில் ஒருவர் மனம் நொந்து போகிறது. குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளியில் ஒன்றாய்ப் படித்தவர்கள் குழு என்று நம்மில் யாருக்கும் இது நேராமல் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே நேர்கிறது என்பது என் எண்ணம். நெல்லைப் பேச்சில் பாதிச் செய்தி இழுவையில் இருக்கிறது. பல நாள் கண்ணில் படாத சிநேகிதனை வண்ணாரப்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தால், ‘என்னலே, உயிரோடதான் இருக்கியா?’ என்று கேட்பதுதான் இங்கே நலம் விசாரிப்பு. அதைக் கேட்டவன் முகம் மலர்ந்து தோளில் கை போடுவான். அதே வரியைக் கைபேசியில், நடுராத்திரி, துபாயில் இரண்டு ஷிப்ட் வேலை முடித்துவிட்டுப் படுக்கிறவன் வாசித்தால், பதில் எழுதாமல் திரும்பிப் படுத்துக்கொள்வான். வரி மாறவில்லை. தோளில் விழ வேண்டிய கை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரம் பக்கத்து வீடு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர். அவர்கள் பக்கம் பால்காரரிடம் பேசினாலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். ஆனித் தேரோட்டத்துக்கு அவரால் வர முடியவில்லை. பெண்ணின் அண்ணன் குடும்பக் குழுவில் எழுதினார்: ‘தேருக்கும் காணலை, போனும் இல்லை, பெரிய மனுசன் ஆயிட்டீருவே.’ நமக்குத் தெரியும், அந்த ‘வே’க்குள் எவ்வளவு உரிமை இருக்கிறதென்று. பிடிக்காதவரிடம் அதைப் போட மாட்டோம். கோயம்புத்தூர்க்காரருக்கு அது தெரிய வழியில்லை. ‘நீர்’ என்று பேசினதே அவருக்கு மரியாதைக் குறைவு. ‘பெரிய மனுசன்’ என்றது குத்தல். பத்து நிமிஷத்தில் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார் என்று திரை காட்டியது. ‘நான் என்னத்தச் சொல்லிட்டேன்?’ என்று அண்ணன் கேட்க, ‘நீ சொன்னதே போதாதா?’ என்று தங்கை கேட்க, விஷயம் தீபாவளி வரைக்கும் இழுத்தது. தலைதீபாவளி வேறு. நேரில் வந்து, அதே மைத்துனர் வாயால் அதே ‘வே’யைக் கேட்டபிறகுதான் மாப்பிள்ளைக்குப் புரிந்ததாம். இப்போது அவர் கோயம்புத்தூரில் தன் கூட்டாளிகளை ‘வே’ போட்டுக் கூப்பிட்டு அங்கே வேறு வினையை இழுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இதில் யார் மேலும் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. எழுதுகிறவருக்கு இது ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

அமெரிக்க உளவியல் அறிஞர்கள் நால்வர், ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி உள்ளிட்டவர்கள், 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரைக் கூப்பிட்டு, சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை நிஜமாகவும் இன்னொருவருக்குச் சொல்லச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் குரலில் சொன்னார்கள், மற்றவர்கள் மின்னஞ்சலில் எழுதினார்கள். எது கேலி, எது நிஜம் என்று எதிராளி 100-க்கு 78 தடவையாவது சரியாகக் கண்டுபிடிப்பார் என்று இரு தரப்புமே நம்பியது. குரலைக் கேட்டவர்கள் ஏறக்குறைய அந்த அளவை எட்டினார்கள். மின்னஞ்சலைப் படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 தடவை. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டினாலே 50 வந்துவிடும்.

எழுதும்போது நம் குரல் நமக்குள்ளே ஒலித்துக்கொண்டே இருக்கிறது. காகிதத்திலோ திரையிலோ அது இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி 1990-ல் இதையே இன்னும் வேடிக்கையாகக் காட்டியிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை மனதுக்குள் பாடிக்கொண்டே அதன் தாளத்தை மட்டும் மேஜையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டுக்கு ஒன்றாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டினவர்கள் நினைத்தார்கள். தட்டியது 120 பாட்டு. கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று! வீட்டில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். தட்டுகிறவருக்கு ‘இதுகூடத் தெரியலையா உனக்கு’ என்று கோபம் வரும். அந்தக் கோபம்தான் கவனிக்க வேண்டிய இடம்.

வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். 71-ஆவது பொருட்பாலில், 110-ஆவது காமத்துப்பாலில். அரசவையில் ஒன்று, காதலில் ஒன்று. இரண்டு இடத்திலும் முகம் எதிரே இருக்கிறது, கண் எதிரே இருக்கிறது. முகம் தெரியாத எழுத்துக்கென்று மூன்றாவதாக ஒன்றை அவர் எழுதிவைக்கவில்லை.

முகம் தெரியாத எழுத்து என்றவுடன் எனக்கு நினைவு வருவது வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கும் காந்திக்கும் 1915-ல் நடந்த கடிதப் போக்குவரத்து. ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி பல ஆண்டுகள் தேடித் திரட்டி, ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’ என்ற நூலாகவே தந்திருக்கிறார். அவர் அக்கறை அந்தப் பணத்தின் கதையிலும் இரு ஆளுமைகளின் உறவிலும். என் கண் போனது அந்த ஏப்ரல் மாதத்தின் சில நாட்கள் மேல்.

அந்த ஆண்டு ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தி ஏப்ரலில் சென்னைக்கு வருகிறார். ஜார்ஜ் டவுன் தம்புச்செட்டித் தெருவில் ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்குகிறார். அதே சென்னையில், மயிலாப்பூர் பக்கம், வ.உ.சி. இருக்கிறார். எந்த வ.உ.சி. என்று நினைத்துப் பாருங்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டவர். 1908 மார்ச் 13-ஆம் தேதி அவர் கைதை எதிர்த்து நம் திருநெல்வேலி எரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் குறைந்தபிறகும் கோவையிலும் கண்ணூரிலும் சிறை, கோவையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, சொத்து இல்லை, வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. ஒரு காலத்தில் ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்களுக்குப் பொறுப்பானவர், சென்னையில் குடும்பத்தோடு அன்றாடம் திண்டாடிக்கொண்டிருந்தார்.

காந்தி வந்திருப்பது தெரிந்து, தனியாகச் சந்திக்க நேரம் கேட்டு அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். சென்னைக்குள் போடும் கடிதம் விறுவிறுவென்று போய்ச் சேர்ந்த காலம் அது. கிட்டத்தட்ட இன்றைய வாட்ஸப் வேகம்தான். பதில் வந்தது: வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிடங்கள் ஒதுக்க முடியும் என்று.

எழுதிய காந்தியின் பக்கம் நின்று அதைப் படித்துப் பாருங்கள். ஆறு மணி அவருக்குச் சாதாரண நேரம். சுருக்கமாக எழுதுவது அவர் பழக்கம். நாள் முழுக்கக் கூட்டம், வரவேற்பு, பார்க்க வருகிறவர்கள். அதற்கிடையில் உடனே பதில் போட்டு, நேரமும் குறித்துத் தந்திருக்கிறார். அவருக்கு அது மரியாதை.

இப்போது மயிலாப்பூரில் உட்கார்ந்து படியுங்கள். பெற்ற தண்டனை, இழந்த கம்பெனி, கையில் காசின்மை, எல்லாமும் சேர்ந்து அந்த ‘சில நிமிடங்க’ளுக்கு ஒரு குரல் கொடுத்துவிடுகிறது. மறுநாளே வ.உ.சி. பதில் எழுதினார். தான் பேச வேண்டியதற்கு அந்தச் சில நிமிடங்கள் போதாது என்று அஞ்சுவதாகவும், ஆகவே சிரமம் தர விரும்பவில்லை என்றும், முந்தைய கடிதத்தால் அவருடைய அருமையான நேரத்தில் குறுக்கிட்டதற்கு மன்னிக்கும்படியும். வார்த்தையில் எங்கும் ஒரு குறையும் காண முடியாது. நம் ஊர் வைக்கிற மரியாதையை அறிந்தவர்களுக்கு மட்டும் இதில் எத்தனை டிகிரிச் சூடு என்று விளங்கும். நம் பக்கத்தில் ஒருவர் மிகவும் பணிவாகப் பேச ஆரம்பித்தால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்.

நூறு ஆண்டு கழித்துப் படிக்கும் நமக்கே இந்த இடத்தில் திக்கென்கிறது. இதோடு முடிந்திருந்தால் இதுவும் ‘அவர் குழுவை விட்டு விலகினார்’ கதைதான்.

காந்தி விடவில்லை. உடனே மறுபடியும் எழுதினார். அவர் தன் முதல் கடிதத்துக்கு விளக்கவுரை எழுதவில்லை, ‘நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்று ஆரம்பிக்கவும் இல்லை. வரிசையைத் திருப்பிப் போட்டார். நீங்கள் என்னைப் பார்க்க விரும்பாவிட்டாலும் வந்து பார்க்கும்படி நான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், எனக்கு நீங்கள் சில நிமிடங்கள் தர முடியுமா என்று கேட்டார். அதே சில நிமிடங்கள்! முதல் கடிதத்தில் கொடுக்கிறவர் காந்தி, இரண்டாவதில் கொடுக்கிறவர் வ.உ.சி. வக்கீல் மூளை என்று இதைச் சொல்லலாம். நான் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். எதிராளிக்கு எந்த இடத்தில் வலித்தது என்று அவர் கண்டுகொண்டார். அந்த இடத்தை மட்டும் தொட்டார்.

வ.உ.சி.யின் பதிலும் இறங்கி வந்தது. மயிலாப்பூரிலிருந்து டிராம் வண்டி காலை ஐந்தரைக்கு மேல்தான் புறப்படுகிறது, ஆறு மணிக்குள் தம்மால் வந்து சேர முடியாது என்று அவர் தெரிவித்தார். முதல் பதிலில் இது வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கப்பல் விட்டவர், டிராமுக்குக் காத்திருக்க வேண்டிய நிலையை எழுத்தில் வைக்க ஒரு கூச்சம் இருக்காதா? காந்தியின் இரண்டாவது கடிதம்தான் அந்தக் கூச்சத்தை உடைத்தது என்பது என் ஊகம். ஆறு மணி என்பதில் ஆணவம் எதுவும் இல்லை, டிராம் நேரம்தான் சிக்கல் என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிகிறது.

பணத்தின் கதை அதன்பிறகு வளர்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த தொகை வந்து சேராமலே இருந்தது. யார் கொடுத்தது, எவ்வளவு என்று காந்திக்கு நினைவில்லை. கேட்டு எழுத வேண்டியிருந்தது. இங்கேயோ வீட்டில் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. கேட்கவும் வேண்டும், கேட்கிறோமே என்றும் இருக்கும். மாதக்கணக்கில் கடிதங்கள் போய்வந்து, 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி. கைக்கு வந்தது. இந்தக் கடிதங்களை இன்று படிக்கும் ஒருவர் காந்தி அலட்சியம் காட்டினார் என்பார். இன்னொருவர் அவர் கணக்குப் பார்த்தே கொடுத்தார் என்பார். இரண்டு பேரும் தங்கள் குரலில்தான் படிக்கிறார்கள். வ.உ.சி. எந்தக் குரலில் படித்தார் என்பதற்கு ஒரு தடயம் உண்டு. அவர் உதவியை மறக்கிற ஆள் இல்லை. இழந்த வக்கீல் உரிமையை மீட்டுத் தந்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தவர். சட்டென்று புண்படுகிற மனசுதான் நன்றியையும் அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

எழுத்தில் குரலை ஏற்றிவைக்கத் தெரிந்தவர்களும் நம் ஊரில் இருந்தார்கள். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் ‘வட்டத்தொட்டி’ வண்ணாரப்பேட்டையில் கூடியபோது கவிதையை வாய்விட்டுச் சொல்லிக் கேட்பதுதான் அங்கே விமர்சனம். அவர் கடிதங்களைப் படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். வெற்றிலை போட்டுக்கொள்ள எங்கே நிறுத்துகிறார் என்பதுகூடத் தெரியும் என்று தோன்றும். வண்ணதாசனின் கடிதங்கள் ‘எல்லோருக்கும் அன்புடன்’ என்று புத்தகமாக வந்து, அவர் கதைகளுக்கு நிகராகப் படிக்கப்படுகின்றன. அவருடைய தந்தையார் தி.க.சிவசங்கரன், நம்மில் பலருக்குத் தி.க.சி., டவுனில் சுடலைமாடன் கோயில் தெரு வீட்டில் இருந்துகொண்டு தமிழ்நாடு முழுவதும் அஞ்சலட்டை போட்டுக்கொண்டே இருந்தார். 2014 மார்ச்சில் அவர் மறைந்தபோது, முதல் கதை வெளியான காலத்தில் அவரிடமிருந்து கார்டு வந்ததை நினைவுகூராத எழுத்தாளர்கள் குறைவு.

அஞ்சலட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவு இடம். தபால்காரர் படிப்பார், வீட்டில் எல்லோரும் படிப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தால் அவரும் படிப்பார். அந்த வகையில் அது வாட்ஸப் குழுவுக்குப் பெரியப்பா. ஆனாலும் சண்டை குறைவு. என்ன காரணம் என்று யோசித்தால் அந்த முதல் வரிதான். நலம், நலமறிய ஆவல். இதைத் தேய்ந்த சொல் என்று ஒரு காலத்தில் நாமெல்லாம் கிண்டல் செய்திருக்கிறோம். அது செய்துகொண்டிருந்த வேலை வேறு. ‘நான் நல்ல மனநிலையில்தான் எழுதுகிறேன், நீயும் அப்படியே படி’ என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. அதற்குக் கீழே ‘பையனின் பரீட்சை என்ன ஆச்சு, பதில் இல்லையே’ என்று வந்தாலும் அது அக்கறையாகத்தான் கேட்கும். கைபேசியில் அந்த முதல் வரியை நாம் வெட்டிவிட்டோம். ‘பதில் இல்லையே’ மட்டும் தனியாக நிற்கிறது.

வெட்டின இடத்தில் பொம்மைகளை ஒட்டிப் பார்க்கிறோம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினிப் பேராசிரியர் 1982 செப்டம்பர் 19 அன்று, கேலியைக் கேலி என்று தெரியவைக்க, நிறுத்தக் குறிகளைச் சாய்த்துச் சேர்த்துச் சிரிக்கிற முகம் ஒன்றைப் பரிந்துரைத்தார். அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் விரலடியில் இருக்கும் மஞ்சள் முகங்கள். அவற்றுக்கும் குரல் கொடுப்பது படிக்கிறவர்தான் என்பது நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டது.

நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 2024-ல் ஒரு வழக்கு முடிந்தது. ரயில்வே பாதுகாப்புப் படையில் ஓர் அதிகாரி கொலை செய்யப்பட்ட செய்தி வாட்ஸப் குழுவில் வருகிறது. அதற்குக் கீழே ஒரு காவலர் கட்டைவிரல் உயர்த்திய படத்தைப் போடுகிறார். கொலையைக் கொண்டாடுகிறார் என்று சொல்லி வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள். எனக்கு வாட்ஸப் அவ்வளவாகப் பழக்கமில்லை, தெரியாமல் போட்டுவிட்டேன் என்றார் அவர். தனி நீதிபதி அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னார். மேல்முறையீட்டிலும் இரு நீதிபதிகள் அதையே உறுதிசெய்தார்கள். அந்தக் கட்டைவிரல் ‘பார்த்தேன்’ என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை, ஒரு கொடூரக் கொலையைக் கொண்டாடுவதாக அதை எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர்கள் முடிவு.

இதற்கு நேர் எதிர் தீர்ப்பு முந்தைய ஆண்டு கனடாவில், சஸ்காச்சுவான் மாகாணத்தில். ஆளி விதை வாங்கும் வியாபாரி ஒப்பந்தத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் அனுப்பி, உறுதிசெய்யச் சொல்கிறார். விவசாயி கட்டைவிரலைப் போடுகிறார். விலை ஏறிவிட, விதை வரவில்லை. படம் வந்து சேர்ந்தது என்று சொல்லத்தான் போட்டேன் என்றார் விவசாயி. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. ஏனென்றால் அதே இருவருக்கும் இடையே முன்பும் இப்படிக் கைபேசியிலேயே ஒப்பந்தங்கள் நடந்திருக்கின்றன. ஒரே சொல்லில் ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டு அவர் விதையைக் கொண்டுவந்து இறக்கியும் இருக்கிறார்.

ஒரே விரல், இரண்டு தீர்ப்பு. இரண்டுமே எனக்கு நியாயமாகப் படுகிறது. இரண்டு நீதிமன்றமும் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. போட்டவர் யார், இதற்கு முன் எப்படி நடந்துகொண்டவர், எந்தச் சூழலில் போட்டார் என்று பார்த்தன. நாம் மச்சானின் செய்தியைப் படிக்கும்போது அந்த அளவு விசாரணைகூட வைப்பதில்லை. மச்சான் நம்மோடு பேசிப் பழகிய இத்தனை வருடமும் சாட்சி சொல்லக் காத்திருக்கும். கூண்டில் ஏற்றாமலே தீர்ப்பை எழுதிவிடுகிறோம்.

பதில் வராததற்கும் ஒரு குரல் கொடுக்கிறோம், அது இன்னும் மோசம். 2014 நவம்பரில் வாட்ஸப் அந்த நீல நிறக் குறியைக் கொண்டுவந்தபிறகு, படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்பது தெரிந்துபோகிறது. படித்தவர் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா, ஆஸ்பத்திரி வரிசையில் இருக்கிறாரா என்பது மட்டும் தெரிவதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஆற்றங்கரையில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி இரு கரையையும் மறந்து ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. மின்சாரம் இல்லை, பல ஊர்களில் கைபேசிக் கோபுரமும் செத்துவிட்டது. சார்ஜ் இரண்டு சதவீதம் இருந்தவர்கள் ‘மாடில இருக்கோம்’ என்று மட்டும் அனுப்பினார்கள். ‘எங்க இருக்க?’ என்று வணக்கம்கூட இல்லாமல் யார் யாருக்கோ செய்தி போனது. ‘என்ன, ஒருமையில் கேட்கிறாய்’ என்று அன்று யாரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. வருஷக்கணக்கில் பேசாமலிருந்த பங்காளிகள்கூட அந்த இரண்டு நாளில் இரண்டு சொல்லில் பேசிக்கொண்டார்கள் என்று ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வாசகர் ஒருவர் சொன்னார். தண்ணீர் வடிந்து, கோபுரம் எழுந்து, நான்கு கோடு சிக்னல் வந்தபிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். “திரும்பப் பேசுறதில்ல சார்” என்றார் சிரித்துக்கொண்டே. நான் இதை எழுத்தில் தருகிறபோது அந்தச் சிரிப்பு உங்களுக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்கு உறுதியில்லை. அதில் கசப்பு இல்லை, சத்தியமாக.

இனி நம் இதழ் விஷயம். வாசகர் கடிதம் பகுதிக்கு வருகிற வாட்ஸப் குறிப்புகளை இனிமேல் அவசரப்பட்டுச் சுருக்கப் போவதில்லை. ‘நலம்தானே’ என்று தொடங்கியிருந்தால் அதையும் சேர்த்தே அச்சிடுவோம். இரண்டு வரி இடம் போனால் போகட்டும். எங்களுக்குப் பிடிபடாத வரி வந்தால் மெய்ப்புப் பார்க்கும் அண்ணாச்சி உங்களுக்குப் போன் போடுவார். அவர் எடுத்த எடுப்பில் ‘என்னவே இப்படி எழுதிட்டீரு’ என்றுதான் ஆரம்பிப்பார். வைத்துவிடாதீர்கள். அஞ்சலட்டை போடுகிறவர்கள் போடலாம், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. குரல் பதிவாக அனுப்ப விரும்புகிறவர்கள் அப்படியே அனுப்புங்கள். சில நிமிடங்கள் போதாது என்றால் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள், கேட்கிறோம். காலை ஆறு மணிக்கு மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்